திருவருகைக் காலம்

திருவருகைக் காலம் என்பது இயேசு கிறித்துவின் பிறப்பு விழாவுக்கு முன்னதாகக் கிறித்தவர்கள் தங்களை ஆயத்தம் செய்துகொள்ளும் வழிபாட்டுக் காலமாகும். மேற்கத்திய திருச்சபைகளில் வழிபாட்டு ஆண்டு இக்காலத்துடனேயே தொடங்குகிறது. தன்னைத் தானே ஆய்ந்து பார்த்தலும் ஏழைகளுக்கு ஈதலும் இக்காலத்துக்குரிய கடமைகளாக மரபில் கருதப்பட்டு வருகின்றன.

பெயரும் கால அளவும்

"வருகை" எனப் பொருள்படும் அத்வெந்துஸ் என்னும் இலத்தீன் சொல்லே இப்பெயருக்கு மூலமாகும். நவம்பர் 30இல் வரும் புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் அமையும் ஞாயிறன்று இக்காலம் தொடங்கும். அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். இக்காலத்தில் நான்கு ஞாயிறுகள் உள்ளன. மொத்த நாட்கள் 22 முதல் 28 வரை வேறுபடும். பைசாந்திய மரபைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளில் நவம்பர் 15 முதல் 40 நாட்கள் நோன்பு கடைப்பிடிக்கப்படுகிறது. கேரளத்தின் சுரியானி மரபுச் சபைகளில் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு வழக்கில் உள்ளது.

வரலாறு

ஐந்தாம் நூற்றாண்டில் கால் நாட்டின் (இன்றைய பிரான்சு) தூர் நகர ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறித்து பிறப்பு விழா வரை வாரத்தில் மூன்று நாட்கள் நோன்பு இருக்குமாறு விதித்தார். பிற்காலத்தில் உரோமை வழிபாட்டு முறையில் இக்காலம் நான்கு வாரங்களாக அமைந்தது. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இக்காலம் முழுவதற்குமான நோன்பு கட்டாயமாக்கப்படவில்லை. நோன்பு தளர்ந்த பின்னரும் தன்னாய்வும் ஈகையும் தொடர்கின்றன.

தன்னாய்வு

பெத்லகேமில் நிகழ்ந்த முதல் வருகை, உலக முடிவில் நிகழவிருக்கும் இரண்டாம் வருகை ஆகிய இரண்டையும் இக்கால வழிபாடு நினைவூட்டுகிறது. கிளர்வோ நகர பெர்னார்து (1090–1153) இவ்விரண்டுக்கும் இடையில் மனித உள்ளத்தில் நிகழும் மூன்றாம் வருகை ஒன்றையும் எடுத்துரைத்தார். வருபவரை ஏற்க உள்ளம் தகுதியாய் உள்ளதா என்னும் கேள்வியே தன்னாய்வுக்கு அடிப்படையாகும். கத்தோலிக்கர் பலர் இக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பெறுகின்றனர்.

வழிபாட்டில் ஊதா நிற உடை அணியப்படுகிறது. மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்பு உடை அணியலாம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. எனினும், தவக்காலத்தில் விலக்கப்படும் அல்லேலூயா இக்காலத்தில் விலக்கப்படுவதில்லை. எனவே இக்கால மனமாற்றம் துயரத்தை விட மகிழ்ச்சியான எதிர்பார்ப்பையே சார்ந்தது.

இக்கால வாசகங்களில் திருமுழுக்கு யோவானுக்குச் சிறப்பிடம் உண்டு. தாங்கள் செய்ய வேண்டியது யாது என மக்கள் அவரிடம் கேட்டதை லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. இரண்டு அங்கி உடையவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவர் விடையளித்தார். வரி தண்டுவோரைத் தொழிலை விட்டுவிடுமாறு அவர் கூறவில்லை. குறித்த அளவுக்கு மேல் வாங்க வேண்டாம் என்றே பணித்தார். தன்னாய்வு அன்றாட வாழ்வில் நேர்மையாகவும் பகிர்தலாகவும் வெளிப்பட வேண்டும் என்பதற்கு இப்பகுதி சான்றாகக் காட்டப்படுகிறது.

ஈகை

உரோமையில் டிசம்பர் மாத நோன்பு பற்றி மறையுரை ஆற்றிய திருத்தந்தை முதலாம் லியோ (440–461), நோன்பையும் ஈகையையும் இணைத்தே பேசினார். நோன்பிருப்பவர் உண்ணாமல் விட்டது பசித்தவருக்கு உணவாக வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறன்றி மீதத்தைச் சேமித்து வைப்பவரின் நோன்பு சிக்கனமாகவே முடியும்.

டிசம்பர் 6இல் நினைவுகூரப்படும் புனித நிக்கொலாசு, வறுமையுற்ற மூன்று பெண்களின் திருமணத்துக்கு யாரும் அறியாமல் பொன் கொடுத்தார் என்பது மரபுவழிக் கதையாகும். இக்காலத்தில் ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையமும் ஏழைகளுக்கான பணியில் பிறந்ததே. ஆம்பர்கு நகரில் வறிய சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோகான் இன்றிக் விக்கர்ன், 1839இல் அவர்கள் நாட்களை எண்ணுவதற்காக மரச்சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளை ஏற்றினார்.

செருமனியின் சீர்திருத்தச் சபைகள் 1959இல் தொடங்கிய "உலகுக்கு உணவு" என்னும் நிதி திரட்டல் ஆண்டுதோறும் திருவருகைக் காலத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 1961இல் ஏற்படுத்திய அத்வேனியாத் அமைப்பு, இலத்தீன் அமெரிக்க மக்களுக்காகக் காணிக்கை திரட்டுகிறது.