1984 என்று போட்டிருக்கும் 1955 புத்தகம்

சோழர் ஆட்சியைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர்கள் நூலகத்தில் முதலில் தேடுவது கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ‘தி சோழாஸ்’. கையில் கிடைப்பது பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1984 அச்சு. அடிக்குறிப்பில் ‘சாஸ்திரி, 1984’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆனா அது மறுஅச்சுதான். முதல் பதிப்பு 1935, 1937 என இரண்டு பாகமாக வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1955. சாஸ்திரி காலமானது 1975இல்!

இதுல என்ன பெரிசா வந்துடப்போகுதுன்னு கேட்கலாம். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் ஒரு புத்தகம் போட்டார்: சோழ அரசு அதிகாரம் மையத்தில் குவிந்த பேரரசே அல்ல, கூறுகூறாகப் பிரிந்து கிடந்த அரசு என்று. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் எண்ணிப் பார்த்து அதை மறுத்தார்கள். சாஸ்திரிக்கு இந்தச் சண்டையே தெரியாது. 1984ஐ நம்பி, ‘ஸ்டைனுக்குப் பிறகும் சாஸ்திரி பேரரசு என்றே சொல்கிறார்’ என்று எழுதினால் ஆய்வேட்டின் அந்த அத்தியாயமே கந்தல். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்ட அரை நிமிஷம் ஆகுமா?

தேடுறதுலயும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ‘சோழ’ என்பதை சாஸ்திரி ‘சி’ மட்டும் போட்டு எழுதுவார், வேறு பலர் ‘சி, எச்’ போடுவார்கள். கணினிப் பட்டியலில் இரண்டையும், தமிழில் ‘சோழர்’ என்பதையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்க. அப்புறம் அலமாரிக்கே போய்விடுவது நல்லது. டியூவி முறையில் தமிழக வரலாறு 954.82. பக்கத்தில் நிற்கும் புத்தகங்கள் பட்டியலில் தோன்றாதவையாக இருக்கும். நிலம், வரி பற்றியவை மட்டும் பொருளாதாரப் பிரிவில், 330 பக்கம் ஒதுங்கியிருக்கலாம்.

எடுத்த புத்தகம் தேறுமா என்பதற்கு நான் பார்ப்பது அடிக்குறிப்பை. ராஜராஜன் தஞ்சையில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான் என்று எல்லாரும் எழுதுவார்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66’ என்று சேர்த்து எழுதுபவரை நம்மால் சரிபார்க்க முடியும். அந்தக் கல்வெட்டில் பெயர், வீடு, பங்குக்கு 100 கலம் நெல் என்று எல்லாமே இருக்கு. எண் இல்லாத புத்தகத்தை அட்டை எவ்வளவு பளபளத்தாலும் நான் மேற்கோள் காட்டுவதில்லை.

சாஸ்திரி பழசு என்று ஒதுக்கவும் வேண்டாம். எந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய அடிக்குறிப்புகள் இன்றும் உதவும். அரசின் தன்மை பற்றிய முடிவுக்கு மட்டும் 1980க்குப் பிந்தைய புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க.