வலி வேறு, காயம் வேறு

குருகிராமிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மாலை உடையெல்லாம் சாயத்தோடு வீடு திரும்பினால், ஹோலி முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அவர்கள் 'பெயின்ட்பால்' ஆடிவிட்டு வருகிறார்கள். இரண்டு அணிகள், ஒவ்வொருவர் கையிலும் காற்றழுத்தத்தால் இயங்கும், துப்பாக்கி போன்ற ஒரு கருவி. அதிலிருந்து பாயும் வண்ணக் குண்டு உடலில் பட்டு உடைந்து கறை படிந்தால், பட்டவர் ஆட்டமிழந்து வெளியேற வேண்டும். உடையாமல் தெறித்துக் கீழே விழுந்தால் அவர் ஆட்டத்தில் நீடிக்கலாம். இந்தக் கடைசி விதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகும் வழக்கு முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

வழக்கு இதுதான்: போட்டியில் ஆடுபவர், அடி வலிக்காமல் இருக்க, உடைக்குள் மெத்தென்ற காப்பு அணிந்துகொள்ளலாமா, கூடாதா?

இது என்னிடம் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. மயூர் விஹாரில் இருக்கும் என் தங்கையின் மகள், அலுவலகத் தோழர்களுடன் சேர்ந்து ஓர் அணியில் ஆடுகிறாள். முதலில் பொழுதுபோக்காக ஆடியவர்கள், பிறகு போட்டிகளுக்கும் போகத் தொடங்கினார்கள். பெண்ணின் தோளிலும் விலாவிலும் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போன வட்டங்களைப் பார்த்த தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. பழைய ரஜாய் ஒன்றைப் பிரித்து, அதன் பஞ்சை வைத்து, கையில்லாத உள்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தாள். பெண் அதைத் தொட மறுத்துவிட்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டு ஆடினா ஏமாத்தறோம்னு சொல்வாங்க மாமா. கேப்டன் கண்டிப்பா ஒத்துக்க மாட்டார்."

"அடிபடாம இருக்கறது ஏமாத்தறதா? நீயே சொல்லு அண்ணா" என்றாள் தங்கை.

தில்லியில் அலுவலகக் கிரிக்கெட் பந்தயங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடுவராக நின்றவன் நான். அதனால்தான் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிரிக்கெட்டில் தெரிந்ததை வைத்துக்கொண்டு இந்தப் புது விளையாட்டை ஆராய்ந்து பார்த்தேன். கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மரத்துக்கு வைத்த குறி

இந்தக் கருவி மனிதர்களைச் சுடுவதற்காகப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் காடுகளில் வெட்ட வேண்டிய மரங்களையும், மந்தையில் தனியே பிரிக்க வேண்டிய மாடுகளையும் தூரத்திலிருந்தே அடையாளமிடப் பயன்பட்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில், பன்னிரண்டு பேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆட்டத்தை ஆடினார்கள். காட்டில் ஒளித்துவைத்த கொடிகளை எடுத்து வருவதுதான் பந்தயம். வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பது சுவையான செய்தி. மறைந்து, நகர்ந்து, எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதே இந்த ஆட்டத்தின் உயிர் என்பதை அந்த முதல் நாளே காட்டிவிட்டது.

குண்டு என்றவுடன் பயப்பட வேண்டாம். மருந்துக் கடையில் வாங்கும் காப்ஸ்யூலைப் போன்ற ஜெலட்டின் கூடுதான். உள்ளே தண்ணீரில் கரையும் சாயம். ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை நம் வீட்டுச் சைவப் பாட்டிமார்களிடம் சொல்லாமல் இருப்பது நல்லது! வழக்கமான குண்டின் குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர். எடை சுமார் 3 கிராம். வேகந்தான் மலைக்க வைக்கிறது. மைதானங்களில் வழக்கமான உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி. மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலில் இந்தக் குண்டுக்கு இருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எனவே விலா எலும்பு முறியும் ஆட்டம் அல்ல இது. ஆனால் சிறிய இடத்தில் சுருக்கென்று படுவதால் தோல் கன்றும். ஒரு வாரம், பத்து நாள் வட்டம் தெரியும். கண்ணில் பட்டால் கதை வேறு. பார்வையே போய்விடும். கண்ணையும் முகத்தையும் மூடும் முகமூடி இல்லாமல் களத்தில் கால் வைக்கக் கூடாது என்ற விதியில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

போர்வையும் முட்டையும்

இப்போது ரஜாய்ச் சட்டைக்கு வருவோம். கொடியில் தொங்கும் போர்வையின் மேல் ஒரு முட்டையை எறிந்தால் அது உடையாது. அதையே சுவரில் எறிந்தால் சிதறிவிடும். போர்வை முட்டையோடு சேர்ந்து பின்னால் போய் மெல்ல நிறுத்துகிறது. சுவர் ஒரு நொடியில் நிறுத்துகிறது. வண்ணக் குண்டும் இப்படித்தான். முகமூடியின் கடினமான பரப்பில் பட்டால் பட்டென்று உடையும். பஞ்சில் பட்டால் பல சமயம் உடையாமல் தெறித்துவிடும்.

ஆகவே பஞ்சுச் சட்டை அணிந்தவருக்கு இரட்டை லாபம். வலியும் இல்லை, ஆட்டமும் போகவில்லை. சரியாகக் குறிபார்த்துச் சுட்ட எதிரணிக்காரருக்கோ, தன் திறமைக்குக் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்காமல் போகிறது. உடம்பில் பட்ட சாயத்தைக் கையால் துடைத்துவிட்டு ஆடுவதை இந்த விளையாட்டில் பெரிய மோசடியாகக் கருதுகிறார்கள். பஞ்சுச் சட்டை அந்தக் காரியத்தைக் கை படாமலே செய்துவிடுகிறது. கேப்டன் மறுத்ததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல. போட்டிகளில் முழங்கை, முழங்கால் காப்புகளைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, தடித்த மெத்தென்ற மேலுடைகளுக்கு மட்டும் கட்டுப்பாடு வைப்பதன் பொருளும் இதுதான்.

கிரிக்கெட் கற்ற பாடம்

இது புதிய சிக்கலும் அல்ல. கிரிக்கெட்டில் காலுக்குக் கட்டும் பேட் எலும்பைக் காக்க வந்தது. ஆனால் காலம் செல்லச் செல்ல, சில மட்டையாளர்கள் அதையே இரண்டாவது மட்டையாக்கிக்கொண்டார்கள். வெளியே குத்தி உள்ளே திரும்பும் பந்தைக் காலால் தடுத்துவிட்டு நிம்மதியாக நின்றார்கள். பேட்டைக் கழற்றச் சொல்லி யாரும் விதி செய்யவில்லை. எல்.பி.டபிள்யூ. விதியைத்தான் இறுக்கினார்கள். 1930களில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்துக்கும் அவுட் கொடுக்கலாம் என்றார்கள். பின்னர், அடிக்க முயலாமல் காலை மட்டும் நீட்டுபவருக்கு இன்னும் கடுமை காட்டினார்கள். காலுக்குப் பாதுகாப்பு உண்டு. காலால் ஆட்டத்தை ஏய்க்க இடமில்லை.

களத்தடுப்பிலும் இதே நியாயம். விக்கெட் கீப்பரைத் தவிர வேறு எவரும் கையுறையோ, வெளியே தெரியும் கால் பேடோ அணியக் கூடாது. கைவிரலுக்குக் கட்டுப் போடவும் நடுவரின் சம்மதம் வேண்டும். ஆனால் மட்டையாளரின் அருகில் நிற்பவர் தலைக்கவசம் அணிய எந்தத் தடையும் இல்லை. அந்தத் தலைக்கவசத்தின் அருமையை நம் தில்லியைவிட நன்றாக அறிந்த ஊர் எது? தில்லி அணியின் செல்லப்பிள்ளை ராமன் லம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் நின்றார். ஓவரில் மூன்று பந்துகளே பாக்கி. தலையில் பட்ட அடியால் மூன்று நாட்களில் உயிரிழந்தார். வயது 38.

2014 நவம்பரில் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தும், அது மூடாத கழுத்தில் பந்து பட்டு இறந்தார். அதற்குப் பின் கழுத்துக் காப்பு வந்தது. 2023இல் ஆஸ்திரேலியா தன் உள்நாட்டு ஆட்டங்களில், வேகப்பந்தை எதிர்கொள்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. 'ஆண்பிள்ளைக்கு எதற்குக் கவசம்' என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களே பதில்.

தலைக்கவச விதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. களத்தடுப்பாளர் அணிந்திருக்கும் தலைக்கவசத்தில் பட்டு எழும்பும் பந்தைப் பிடித்தால் முன்பு கேட்ச் இல்லை. 2017 அக்டோபரில் வந்த புதிய விதித் தொகுப்பு அதை அவுட் என்று மாற்றியது. கவசம் அணிந்தவரின் உடலில் ஓர் அங்கமாக அதைக் கருதிவிட்டார்கள். வண்ணக் குண்டு விளையாட்டுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது என்று நினைக்கிறேன். காப்பும் உடல்தான்; அதன் மேல் கறை படிய வேண்டும்.

மறுபக்க நியாயம்

தங்கையின் கட்சியையும் தள்ளிவிட முடியாது. "வலியைத் தாங்கினால் ஆடு, இல்லாவிட்டால் வீட்டில் இரு" என்று சொன்னால் ஒல்லியான பையன்களும் பெண்களும் முதலில் விலகுவார்கள். கடைசியில் தடித்த தோல்காரர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அது திறமைப் போட்டியாக இருக்காது. வலி இருந்தால்தான் ஜாக்கிரதையாக மறைந்து ஆடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. குத்துச்சண்டையில் ஆண்களின் தலைக்காப்பை 2013இல் நீக்கியபோது, அது இருப்பதால் வீரர்கள் துணிந்து அதிக அடி வாங்குகிறார்கள் என்பதும் ஒரு வாதமாக வைக்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலே மோதினார்கள். பெண்கள் அணிந்தே மோதினார்கள். ஆனால் பயமுறுத்துவதற்கு வலிதான் வேண்டும் என்பதில்லை. ஆட்டமிழந்து வெளியே போவது போதாதா?

ஆகவே என் தீர்ப்பை இப்படிச் சொன்னேன். விதியின் வேலை காயத்தைத் தடுப்பது. வலியைக் குறைக்கலாம், ஆனால் எதிராளியின் குறியை விழுங்கித்தான் குறைக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சுச் சட்டை வேண்டாம். அதற்குப் பதில் மெல்லிய, கடினமான தகட்டுக் காப்பை உடம்போடு ஒட்டி அணியட்டும். தகடு அடியைப் பரவலாக வாங்கிக்கொள்ளும், குண்டும் சுவரில் பட்ட முட்டையாக உடையும். அணிந்தவருக்கும் நிம்மதி, சுட்டவருக்கும் நியாயம். தொண்டைக்கும் மறைவிடங்களுக்கும் காப்பு எந்தப் போட்டியிலும் மறுக்கப்படக் கூடாது. எதை அணிந்தாலும் ஆட்டத்துக்கு முன் நடுவர் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரு அணிக்கும் ஒரே அளவுகோல். பரிசுக் கோப்பை இல்லாத பொழுதுபோக்கு ஆட்டத்திலோ, பள்ளிப் பிள்ளைகள் ஆடும்போதோ இந்தக் கெடுபிடி எதுவும் வேண்டாம். அங்கே ரஜாயையே போர்த்திக்கொண்டு ஆடட்டும்!

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சண்டை போடுவதற்கு முன், மைதானத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. ஒவ்வொரு கருவியின் வேகத்தையும் ஆட்டத்துக்கு முன் அளக்கிறார்களா? முகமூடியின் கண்ணாடி கீறலோ விரிசலோ இல்லாமல் இருக்கிறதா? வியர்வை வழிந்தாலும், கண்ணாடியில் ஆவி படிந்தாலும், களத்துக்குள் ஒரு கணமும் முகமூடியைத் தூக்கக் கூடாது என்று நடுவர் அதட்டுகிறாரா? களத்தைவிட்டு வெளியே வரும்போது கருவியின் வாயை உறையிட்டு மூடுகிறார்களா? குண்டுகள் புதியவையா? நம் மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் ஊறி மென்மையாகிவிட்டால், பஞ்சுச் சட்டை இல்லாமலே குண்டுகள் தெறித்துத் தொலைக்கும்.

இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்று பதில் வரும் இடத்தில் பிள்ளைகளைத் தாராளமாக ஆடவிடலாம். தோளில் படியும் நீல வட்டம் பத்து நாளில் மறைந்துவிடும். கண் போனால் திரும்பி வராது. எதைத் தடுக்க வேண்டும், எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.