மாநகர சபை எதை முதலில் செய்கிறது?

சொந்த நிலத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்து, கிருலப்பனையில் வாடகைக்கு இருக்கும் கமக்காரக் குடும்பங்கள் பல, "மாநகர சபை எங்களுக்கு உரியதல்ல" என்றே எண்ணுகின்றன. அது சரியல்ல. வீட்டுக்காரர் சபைக்குக் கட்டும் சோலைவரியில் நாம் கொடுக்கும் வாடகையின் ஒரு பகுதியும் சேர்கிறது.

குளத்து நீரைப் பங்கிட, விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுவதை நாம் அறிவோம். கூட்டத்தில் பேசாதவரின் வயல் பின்தங்கும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொழும்பு மாநகர சபைக்கு, வரவுசெலவுத் திட்டமே அத்தகைய கூட்டம். முதல்வர் அதனை முன்வைக்க, உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். புத்தாண்டுக்கான பணம் அதற்கு முன்பே பங்கிடப்பட்டுவிடும். ஜனவரியில் போய்க் கேட்பது பிந்திய விதைப்பு.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஒழுங்கையோரக் கான், குப்பை, தெருவிளக்கு, தாய்சேய் நிலையம் என்பன சபையின் பொறுப்பு. கிருலப்பனைக் கால்வாயைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். குடிநீர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்தது.

ஆகவே ஒழுங்கையிலுள்ள எல்லாரும், எம்மொழியினராயினும், கூடி ஒரே கடிதம் எழுதுவோம். வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா என்பதைக் கிராம அலுவலரிடம் விசாரிப்போம்.

கேட்பது இரப்பதல்ல, அது நம் உரிமை.