பாறுகளின் அழிவும் நமது சட்டங்களும்

கிராமத்தில் மாடு இறந்தால் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊர்ப்புறத்தில் இட்டுவிடுவது வட இந்தியாவில் நெடுங்கால வழக்கம். பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிட்டு இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டுமே மிச்சம் வைக்கும். பாறு எனவும் வழங்கும் இப்பறவைகள் 1980-ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தனவென மதிப்பிடப்படுகிறது. இன்று ஆசிரியர் ஒருவர் இவற்றை மாணவர்க்குக் காட்ட வேண்டுமாயின் படத்தையே நாட வேண்டும்.

இராஜஸ்தானத்தின் பரத்பூர்ச் சரணாலயத்தில் பாறுகள் கழுத்துத் தொங்க அமர்ந்திருந்து மடிவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கவனித்து 1999-இல் வெளியிட்டார். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. தொற்றுநோயோ என ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடைபெற்ற ஆய்வு 2004-இல் உண்மையை வெளிப்படுத்தியது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் இடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் ஊசி மருந்தே காரணம். மருந்து தங்கிய இறைச்சியை உண்ட பாறின் சிறுநீரகம் பழுதடைகிறது. யூரிக அமிலம் உள்ளுறுப்புகளின்மீது சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது. சில நாட்களில் பறவை இறக்கிறது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் மருந்து இருந்தாலே இவ்வீழ்ச்சி நேரும் எனக் கணக்கிட்டனர். ஒரு பிணத்தைப் பல பறவைகள் கூடி உண்கின்றன. ஆண்டிற்கு ஒரு முட்டைதான் இடுகின்றன.

இனி, சட்டத்தைக் காண்போம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் பொருள் மிக விரிவானது. கொல்லுதல், கண்ணியிடுதல் மட்டுமன்றி நஞ்சிடுதலும் அதில் அடங்கும். (மொழிபெயர்ப்போனைத் திணறவைக்கும் பிரிவுகளுள் இதுவும் ஒன்று.) முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. ஆயினும் நோயுற்ற பசுவிற்கு ஊசியிட்டவரை வேட்டைக்காரர் என எவர் கூறுவார்? நஞ்சு வந்த வழி காடன்று, மருந்துக் கடை. அக்கடையை ஆள்வது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம்.

அச்சட்டத்தின்கீழ் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவங்களுக்குச் சென்றன. மனிதருக்கான குப்பியை 3 மில்லிலிட்டர் அளவிற்குக் குறைக்க 2015 வரை ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையே கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை சந்தையில் இருந்தன. பின்னது மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது! அவ்விரண்டிற்கும் தடை 2023-இல் வந்தது; நிமிசுலைடிற்கு 2024 டிசம்பரில்.

ஒவ்வொரு முறையும் பறவை இறந்தது முதலில், ஆணை பிறந்தது பின்னர். பாறுகளுக்குத் தீங்கற்றது என்பதை உற்பத்தியாளரே மெய்ப்பித்த பின்னர்தான் கால்நடை வலி மருந்திற்கு உரிமம் என்ற விதி நாடு முழுமைக்கும் வேண்டும். நஞ்செனத் தெரிந்த மருந்து தானாகவே விலக்கப்படும் முறையை மத்திய அரசின் 2020–2025 செயல்திட்டம் பரிந்துரைத்தது. எனினும் செயல்திட்டம் சட்டமாகாது.

களப்பணியாளர் மாடு வளர்ப்போரிடம் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதெனச் சோதனையில் தெளிவாகியுள்ளது; கால்நடை மருத்துவரிடம் அதனைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.