உங்களுக்குத் தெரியுமா? வட்டி வாங்காத பணமும் பெங்களூரும்

● பெரிய தொகையைப் போட்டால் வங்கி கொஞ்சம் கூடுதல் வட்டி தரும். திப்பு சுல்தான் இதைத் தலைகீழாகச் செய்தார். 1793-94இல் அவர் பிறப்பித்த வணிக விதிகளின்படி, அரசு நடத்தும் வியாபாரத்தில் குடிமக்களும் பணம் போடலாம். 5 முதல் 500 ரூபாய் வரை போட்டவருக்கு ஆண்டு முடிவில் ரூபாய்க்கு அரை ரூபாய் லாபம். 500 முதல் 5,000 வரை என்றால் கால் ரூபாய். அதற்கும் மேலே போட்ட பணக்காரருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுதான்! வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் லண்டனில் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பில் இந்த விதிகள் இருக்கின்றன. லாபத்தை முன்கூட்டியே நிர்ணயித்தால் அது இஸ்லாம் தடுக்கும் வட்டிதானே என்று ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) இன்று குறுக்கிடலாம். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் சின்னத் தொகை போட்டவருக்குப் பெரிய பங்கு என்ற கணக்கை இன்றைய வங்கிகளில் பார்ப்பது அரிது.

● எலக்ட்ரானிக் சிட்டி இன்ஃபோசிஸ் பங்கு ‘ஹலால்’. விட்டல் மல்லையா சாலை யுனைடெட் புரூவரீஸ் பங்கு ‘ஹராம்’. பீர் என்பதால் இதில் வியப்பில்லை. வட்டியில் பிழைக்கும் வங்கிப் பங்குகளும் கூடாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. மும்பை பங்குச்சந்தை 2010 டிசம்பரில் தாசிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 50 நிறுவனங்களைக் கொண்ட ஷரீஆ குறியீட்டைத் தொடங்கியது. மது, சூதாட்டம், வட்டித் தொழில் எல்லாம் முதல் சுற்றிலேயே வெளியே. அடுத்து, கடன் தலைக்கு மேல் போன நிறுவனங்களும் வெளியே. டாடாவின் எத்திகல் ஃபண்டும் இந்த வகைதான். யாரும் வாங்கலாம், மதம் கேட்க மாட்டார்கள்.

● மானாவாரி நிலமா, நீர்ப்பாசனமா? ஜகாத் என்ற இஸ்லாமியக் கட்டாயக் கொடை இதைக் கேட்டுவிட்டுத்தான் கணக்குப் போடும். மழையை நம்பி விளைந்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒரு பங்கு. கோலார் பக்கம் வானம் பார்த்து ராகி விதைப்பவரும், ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தக்காளி எடுப்பவரும் ஒரே விகிதத்தில் கொடுக்க வேண்டியதில்லை. செலவைக் கணக்கில் எடுக்கும் இந்த வரி ஏழாம் நூற்றாண்டுச் சங்கதி.

● ஜகாத் யாருக்குக் கடமை? 87.48 கிராம், அதாவது கிட்டத்தட்ட பதினொரு பவுன் தங்கத்தின் மதிப்புக்குச் சொத்து இருந்து ஓராண்டு கடந்தால், இரண்டரை சதவீதம். வெள்ளிக் கணக்குப்படி 612 கிராமே போதும். இன்றைய விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எதை அளவுகோலாக எடுப்பது என்ற வாதம் ஒவ்வொரு ரமலானிலும் நடக்கும். வெள்ளியை எடுத்தால் கொடுப்பவர் எண்ணிக்கை கூடும். ஏழைக்கு அது நல்லது.

● சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரி என்றால் பெங்களூரில் ஆட்டோக்காரர் முகவரி கேட்க மாட்டார். பர்தா அணியும் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய காலத்தில், கச்சி மேமன் வணிகர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் (1859-1934) கொடுத்த பணத்தில் எழுந்தது அது. இன்று அரசு மருத்துவமனை. பிரசவ வார்டில் எல்லா மதத்துக் குழந்தைகளின் அழுகைச் சத்தமும் கேட்கும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பாட்டிகள் தமிழிலும் தக்கினியிலும் கன்னடத்திலும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

● 1824இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து குதிரை விற்க வந்த பையன் ஆகா அலி அஸ்கர். பிறகு பெங்களூரில் பங்களாக்களாகக் கட்டித் தள்ளினார். அவருடைய பேரன்தான் மைசூர் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில். ஐடிசி வின்ட்சர் ஹோட்டல் நிற்பது இந்த அலி அஸ்கர் பெயரிலான வக்ஃபு (அறக்கொடை) நிலத்தில். குத்தகை, வாடகை பற்றிய பேச்சு அங்கே பல காலமாக ஓயவில்லை. நாடு முழுக்க இதே கதைதான். பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், ஆண்டு வருமானமோ சுமார் 163 கோடி என்றது 2006 சச்சார் குழு அறிக்கை. ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி வரும் என்றும் அதே அறிக்கை சொன்னது. தானம் கொடுத்தவர் ஏழைகளுக்கென்று எழுதி வைத்தார்; பலன் பெரும்பாலும் குத்தகைதாரருக்கு.

● அல்-அமீன் கல்விச் சங்கத்தை 1966இல் பெங்களூரில் தொடங்கிய டாக்டர் மும்தாஜ் அகமது கான் நம்ம திருச்சியில் பிறந்தவர், சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்.

● இந்தியாவில் இஸ்லாமிய வங்கி ஏன் இல்லை? அரசியல் ஒரு காரணம். ஆனால் சட்டப் புத்தகத்திலேயே தடை இருக்கிறது. வட்டி கூடாது என்றால் வங்கியே ஒரு லாரியை வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து, தவணையில் உங்களுக்கு விற்க வேண்டும். அல்லது வீட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. 9ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க விடாது. ஆக, லாரியும் போச்சு, வீடும் போச்சு.

● வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று 2008இல் பரிந்துரைத்தது ரகுராம் ராஜன் தலைமையிலான குழு. வட்டியை விரும்பாதவர்கள் வங்கிக்கு வெளியே நிற்கிறார்கள், அவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது வாதம். 2015இல் தீபக் மொஹந்தி குழுவும் வழக்கமான வங்கிகளிலேயே தனி கவுன்டர் வைக்கலாம் என்றது. எல்லாருக்கும் வங்கிச் சேவை சமமாகக் கிடைக்கிறதே என்று சொல்லி 2017இல் ரிசர்வ் வங்கி கோப்பை மூடிவிட்டது.

● கதவு மூடியிருந்த இடத்தில் ஜன்னல் வழியாக நுழைந்ததுதான் ஐஎம்ஏ. 2006இல் பெங்களூரில் தொடங்கிய ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம், வட்டியல்ல, ஹலால் லாபம் என்றது. பணம் போட்டவர்களைக் காகிதத்தில் ‘பங்குதாரர்’ ஆக்கிக்கொண்டது. அப்படிச் செய்தால் டெபாசிட் விதிகளுக்குப் பிடிபடாமல் நழுவலாம். சிவாஜிநகரில் பளபளக்கும் நகைக்கடை. அதே பகுதியில் வி.கே. உபைதுல்லா அரசுப் பள்ளியைத் தத்தெடுத்து அடையாளமே தெரியாமல் மாற்றிக் காட்டினார்கள். அந்தப் பள்ளியைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம், ஓய்வூதியப் பணம், வளைகுடாவில் ரத்தம் சுண்ட உழைத்த பணம் எல்லாம் போனது. 2019 ஜூனில் நிறுவனர் துபாய்க்குப் பறந்தார். ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் கைதானார். பல்லாயிரம் புகார்கள், வழக்கு சிபிஐ கைக்குப் போனது. மோசடி சுமார் 4,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள்.

முழாரபா என்ற பழைய கூட்டு வியாபார முறையில் ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு. லாபம் பேசியபடி பிரியும். நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் தலையில் விழும், உழைத்தவருக்கு உழைப்பு வீண். எந்தக் கடையும் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஐஎம்ஏவில் மாதாமாதம் ‘லாபம்’ சம்பளம்போல் வந்தது. மார்க்கம் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

● ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். 2025 தொடக்கத்தில் மைக்ரோஃபைனான்ஸ் வசூல் ஆட்களுக்குப் பயந்து கர்நாடகக் கிராமங்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். பிப்ரவரியில் மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டி வசூலித்தால் பத்தாண்டு வரை சிறை. ஊர் பைத்துல்மால்கள் (பொது நிதியங்கள்) சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கடன் அடைக்கும் வேலையையும் கையிலெடுத்தால் என்ன?

● நகையை வாங்கி வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் தருவது நம்மூர் ஜமாஅத்துகள் பலவற்றில் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்தில் முஸ்லிம் ஃபண்ட் இதை 1961 முதல் செய்கிறது. அடகுக் கடைக்குப் போகிற அதே நகைதான், வட்டிச் சீட்டு மட்டும் கிடையாது.

● வங்கிக் கணக்கில் தானாக ஏறிவிடும் வட்டியை என்ன செய்வது? பொதுக் கழிப்பறை கட்டக் கொடுத்துவிடு என்பார் பள்ளிவாசல் பெரியவர். அதற்கு நன்மை எதிர்பார்க்கவும் கூடாதாம். சுகாதாரத் துறை இதைக் கேட்டால் சந்தோஷப்படும்.

● இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011 ஆகஸ்ட் 1 அன்று அமானா வங்கி கதவைத் திறந்தது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், முழுக்க வட்டியில்லா முறையில் நடக்கும் முதல் உரிமம் பெற்ற வணிக வங்கி! நமக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது பாக் நீரிணையும் ஒரு சட்டத் திருத்தமும்.

● பசுமை சுகூக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கடன்பத்திரம் மாதிரிதான், ஆனால் வட்டி கிடையாது. சூரிய மின் நிலையம் போன்ற ஒரு சொத்தில் உங்களுக்குப் பங்கு, அதிலிருந்து வாடகையோ லாபமோ வரும். முதல் பசுமை சுகூக் 2017இல் மலேசியாவில், சூரிய மின்சாரத்துக்காக. மறு ஆண்டு இந்தோனேசிய அரசே 125 கோடி டாலருக்கு வெளியிட்டது. இதே வாடகைக் கணக்கு இங்கேயும் உண்டு: பெங்களூரிலிருந்து சில மணி நேரத் தொலைவில், துமகூரு மாவட்டப் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை விவசாயிகளிடமிருந்து பிடுங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிய குத்தகை, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏறும். நிலம் அவர்கள் பேரிலேயே, வாடகையும் அவர்களுக்கே. அந்த விவசாயிகளுக்கு சுகூக் என்ற சொல்லே தெரிந்திருக்காது. இந்திய அரசும் 2023 ஜனவரியில் பசுமைப் பத்திரம் வெளியிட்டது, வட்டியோடு.