மணிமாலையின் விலையும் மறக்கப்படும் செய்கூலியும்

நகைக்கடைக்குச் சென்று சங்கிலி வாங்கும் நம்மவர் எவரும் பொன்னின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வருவதில்லை. நிறை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் ஆகிய நான்கையும் கேட்டறிந்து, கூட்டிப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணி வைக்கின்றோம். செய்கூலி கூடிவிட்டதென்று பேரம் பேசுவோர் உண்டு. செய்கூலியே தரமாட்டேன் என்போர் இல்லை. ஆயின் அதே நாம், நம் கையால் கோத்த மணிமாலையைப் பாடசாலை விழாவிலோ கோயில் முன்றலிலோ விற்பனைக்கு வைக்கும்போது, மணிக்கும் நூலுக்கும் செலவான காசை மட்டுமே மனத்திற் கொண்டு விலை சொல்லுகின்றோம். பொற்கொல்லருக்குத் தயங்காது கொடுக்கும் செய்கூலியை நம் வீட்டுக் கைகளுக்கு ஏன் மறுக்கின்றோம்? இவ்வினாவை முன்வைத்து, கைவினை மணி நகைகளுக்கு விலை குறிக்கும் முறையை மாணவரும் பெற்றோரும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்நாட்டு நாணயத்தையும் தங்கத்தின் நிறையையும் நாம் 'பவுண்' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். ஒரு பவுண் முகப்பெறுமதியும் 7.98 கிராம் நிறையும் கொண்ட 22 கரட் ஆங்கிலேயப் பொற்காசே இவ்வழக்குக்குக் காரணமாகும். இங்கு பவுண் என்பது பணத்தையே குறிக்கும்.

விலையின் கூறுகள்

கைவினைப் பொருளொன்றின் விலையில் ஐந்து கூறுகள் அடங்கும். அவை பொருட்செலவு, சேதாரம், செய்கூலி, பொதுச்செலவு, ஆதாயம் என்பனவாம். கழுத்துமாலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை நோக்குவோம். கீழ்வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

பொருட்செலவைக் கணிக்கும்போது பொதியின் முழு விலையை அன்றி, பயன்படுத்திய அளவின் விலையையே எழுத வேண்டும். 4 பவுண் விலையுள்ள 40 கிராம் கண்ணாடி மணிப் பொதியில் 20 கிராம் சென்றதாயின் 2 பவுண். 30 பெருமணிகள் 6 பவுணாயின், அவற்றுள் 9 மணிகளுக்கு 1 பவுண் 80 பென்ஸ். 10 மீற்றர் கம்பிச்சுருள் 5 பவுணாயின், 60 சென்ரிமீற்றருக்கு 30 பென்ஸ். கொளுக்கிக்கும் முனைகளை இறுக்கும் சிறு குழல்மணிகளுக்கும் 90 பென்ஸ். ஆகப் பொருட்செலவு 5 பவுண்.

துளை அடைபட்ட மணிகள், உடைந்தவை, உருண்டோடித் தொலைந்தவை, வெட்டி எறிந்த கம்பித் துண்டுகள் யாவும் சேதாரமாகும். இதற்கு நூற்றுக்குப் பத்து வீதம், அதாவது 50 பென்ஸ் சேர்ப்போம். மாலையை வைத்துக் கொடுக்கும் சிறு பெட்டிக்கு மேலும் 50 பென்ஸ். இதுவரை 6 பவுண்.

இனிச் செய்கூலி. 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. தமக்காகத் தாமே தொழில் செய்வோரை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. எனினும், நம் நேரத்தின் பெறுமதியை அளப்பதற்கு இதனைவிட எளிய அளவுகோல் இல்லை. கணக்கின் வசதிக்காக 12 பவுண் எனக் கொண்டால், ஒரு நிமிடத்துக்கு 20 பென்ஸ் ஆகின்றது. மாலையை அமைக்க 75 நிமிடங்கள் சென்றதாயின் செய்கூலி 15 பவுண். நிறங்களைத் தெரிந்தெடுத்த நேரமும், பிழையாகக் கோத்ததை அவிழ்த்து மீண்டும் கோத்த நேரமும் இதனுள் அடங்க வேண்டும்.

விற்பனை மேசைக்கு 20 பவுண் வாடகை கொடுத்து அன்று 20 பொருட்கள் விற்கலாமென எதிர்பார்த்தால், பொருளொன்றுக்கு 1 பவுண் பொதுச்செலவாகும். மொத்தம் 22 பவுண். இதன்மேல் பத்து வீத ஆதாயம் 2 பவுண் 20 பென்ஸ். ஆகவே மாலைக்கு ஏறக்குறைய 24 பவுண் விலை குறித்தல் தகும்.

செய்கூலியும் ஆதாயமும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். செய்கூலி உழைத்த கைகளுக்கு உரியது. ஆதாயம் தொழிலுக்கு உரியது. தேய்ந்த குறட்டை மாற்றுவதற்கும், அடுத்த முறை நல்ல மணிகள் வாங்குவதற்கும், விற்காது தேங்கும் பொருளின் நட்டத்தைத் தாங்குவதற்கும் அது வேண்டும்.

இம்மாலையை எட்டுப் பவுணுக்கு விற்றால் என்ன நிகழும்? பொருளுக்கும் பெட்டிக்கும் 6 பவுண், மேசைக்கு 1 பவுண் போக மிஞ்சுவது 1 பவுண். எழுபத்தைந்து நிமிட உழைப்புக்கு இதுவே கூலி. மணித்தியாலக் கணக்கில் அது வெறும் 80 பென்ஸ்! பணப்பெட்டியில் காசு விழுவதைக் கண்டு இலாபம் என்று மகிழ்கின்றோம். உண்மையில் நம் உழைப்பையே அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றோம்.

மும்மடங்கு வழக்கம் போதுமா?

பொருட்செலவை மூன்றால் பெருக்கி விலை குறிப்பது சிலரது வழக்கம். இம்முறை எளிதே ஆயினும் நம்பத்தக்கதன்று. மேற்கூறிய மாலையில் பெட்டியோடு சேர்த்த செலவு 6 பவுண். மும்மடங்கு 18 பவுண். அடக்கவிலையான 22 பவுணுக்கு இது 4 பவுண் குறைவாகும்.

இதன் காரணத்தை மணியின் அளவே விளக்கும். 40 சென்ரிமீற்றர் நீளமான ஒரு சரத்துக்கு 8 மில்லிமீற்றர் உருண்டை மணிகளாயின் 50 போதும். 2 மில்லிமீற்றர் மணிகளாயின் 200 வேண்டும். ஐந்து சரமாயின் 1000 வேண்டும். சிறிய கண்ணாடி மணியின் விலை அற்பம். அதைக் கோப்பதற்கான நேரமோ பெரிது. கடையில் இம்மணிகளை எண்களாற் குறிப்பர். எண் கூடக்கூட மணி சிறுக்கும். 11ஆம் இலக்க மணியைவிட 15ஆம் இலக்க மணி சிறியது. செக் குடியரசின் யாப்லோனெட்ஸ் நகரப் பகுதி கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்றது. யப்பானில் செய்யப்படும் உருளை வடிவ மணிகள் ஒன்றுபோல் மற்றொன்று அமைந்திருப்பதால், நெருக்கமாகப் பின்னும் வேலைகளுக்கு விரும்பப்படுகின்றன.

மறுபுறம், 40 பவுண் விலையுள்ள முத்துப் பதக்கத்தைப் பத்து நிமிடத்தில் கம்பியில் கோத்து, மும்மடங்கு எனக் கூறி 120 பவுண் கேட்டால், அது வாங்குவோருக்குச் செய்யும் அநீதியாகும். எனவே பொருளைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் கணக்கிடுவதே இருவருக்கும் நியாயமான வழி.

உழைப்பே மணியை மணியாக்கும் என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், கல்மணி செய்யும் தொழிற்கூடங்கள் அங்கு இருந்தமையைக் காட்டின. துளையிடாத மணிகளும், தீட்டி முடியாத மணிகளும், கழிவுக் கற்சில்லுகளும் அங்கு கிடைத்தன. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, நுண்மணிகள் செய்தனர். அவ்வகை மணிகள் ஈழத்து மாந்தையிலும் கிடைத்துள்ளன. கரடுமுரடான கல்லைத் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றிய கைகளே அதற்குப் பெறுமதி தந்தன.

விலை கூடிவிட்டது என்றால்?

24 பவுண் கொடுக்க எவரும் முன்வரவில்லையாயின் என்செய்வது எனப் பெற்றோர் வினவலாம். அப்போது குறைக்க வேண்டியது கூலியை அன்று, வேலையை. பத்து நிமிடத்தில் ஒரு சோடி தோடு செய்யலாம். பொருள் 1 பவுண் 20 பென்ஸ், செய்கூலி 2 பவுண், அட்டை 20 பென்ஸ், மேசைப் பங்கு 1 பவுண், பத்து வீத ஆதாயம் 44 பென்ஸ். மொத்தம் 4 பவுண் 84 பென்ஸ். ஐந்து பவுண் எனக் குறிக்கலாம். மேசையில் பத்துச் சோடி தோடும் இரண்டு மாலையும் இருந்தால், மாலை காண்போரை அழைக்கும், தோடு விற்பனையாகும்.

பாடசாலைக்கு உதவும்பொருட்டே மலிவாக விற்கின்றோம் என்போரும் உளர். நன்கொடை வேறு, விலை வேறு. உரிய விலைக்கு விற்றுக் கிடைத்த பணத்தை விரும்பியவாறு வழங்கலாம். மலிவாக விற்பதோ, அதே மண்டபத்தில் இதனையே பிழைப்பாகக் கொண்டு அடுத்த மேசையில் நிற்கும் ஒரு தாயின் வருவாயைக் குறைத்துவிடும்.

விற்போரின் கடமை

நியாய விலை கேட்போர் நேர்மையாகவும் நடத்தல் வேண்டும். கண்ணாடியைக் கண்ணாடி என்றும், முலாமை முலாம் என்றும் கூற வேண்டும். பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, வெள்ளி என்று கூறி விற்கும் பொருள் 7.78 கிராமும் அதற்கு மேலும் நிறையுடையதாயின் ஹோல்மார்க் எனப்படும் தரமுத்திரை பெற்றிருத்தல் வேண்டும். நிக்கல் கலந்த உலோகம் சிலரது தோலில் அரிப்பை உண்டாக்குமாதலால், தோட்டின் கம்பி எதனால் ஆனது என்பதை அறிந்தே வாங்க வேண்டும். 2017 ஏப்ரல் தொடக்கம் சிறுவணிக வருமானத்தில் ஆண்டுக்கு 1,000 பவுண் வரை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இது இலாபத்தை அன்றி, மொத்த வரவையே குறிக்கும். விற்பனையைப் பெருக்க எண்ணும் பெற்றோர் அவ்வாண்டின் விதிகளை அறிந்து, வரவையும் செலவையும் எழுதி வைத்தல் நன்று.

மாணவச் செல்வங்களே! உங்கள் அன்னையோ பேர்த்தியாரோ வீட்டில் மணி கோக்க அமரும்போது, ஒரு கொப்பியையும் கடிகாரத்தையும் எடுத்து அருகில் அமருங்கள். எத்தனை மணிகள், எத்தனை நிமிடங்கள் என எழுதுங்கள். கணிதப் பாடத்தில் கற்ற வீதமும் பெருக்கலும் அங்கே பயன்படும். மாலை நிறைவுற்றதும் செய்கூலி என்னும் வரியை முதலில் நிரப்பி, அதனை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தம் நேரத்துக்கும் ஒரு பெறுமதி உண்டென்பதை அவர்கள் தம் பிள்ளைகளின் வாயால், அதுவும் தமிழில் கேட்கட்டும்.