ஃபேன் ஓடுது, திரை மட்டும் இருட்டு: கம்ப்யூட்டரில் எதை முதலில் பார்ப்பது?

இரவு 11 மணி. காலையில் அனுப்ப வேண்டிய ஃபைல் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால், திரை இருண்டதால் ஃபைல் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபைல் இருப்பது ஹார்டு டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டியில். திரையில் படம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். அது எங்கே என்று வரிசையாகத் தேட வேண்டும்.

மானிட்டர் என்ன சொல்கிறது?

‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து படம்தான் வந்து சேரவில்லை. கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். மானிட்டர் மெனுவில், கேபிள் செருகியிருக்கும் இன்புட்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். ஐ5-12400எஃப் போல ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களுக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

எழுத்துகூட வரவில்லையா? மானிட்டரின் பவர் கேபிளைச் சரிபாருங்கள். பிறகு அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கெட்டது திரையின் பின்விளக்கு. கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கிறது.

லோகோ வருகிறதா?

ஆன் செய்ததும் லோகோ வந்து, அதன் பிறகு திரை இருண்டால் சிக்கல் விண்டோஸிலோ டிஸ்ப்ளே டிரைவரிலோ இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்துடன் டிஸ்ப்ளே டிரைவர் மீண்டும் தொடங்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் சேஃப் மோடில் நுழைந்து, கடைசியாகப் போட்ட டிரைவரை நீக்கிப் பார்க்கலாம்.

லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ்மீது பழி போட முடியாது. விண்டோஸ் தொடங்கும் முன்பே பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கின்றனவா என்று மதர்போர்டு சோதிக்கும். அந்தச் சோதனையில்தான் வண்டி நிற்கிறது. பல புதிய மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ, அங்கேதான் தகராறு.

ரேமைக் கழற்றி மாட்டுங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிற முனையை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் என்றால், மாற்றி மாட்டிய பிறகு முதல் தடவை படம் வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

பட்டன் பேட்டரியைத் தொடும் முன்

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயோஸ் செட்டிங்ஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், பிட்லாக்கர் இயங்கும் கம்ப்யூட்டர் அதன்பிறகு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐடி பிரிவிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

‘ஃபார்மேட் பண்ணிடலாமா?’

கடையில் இந்தக் கேள்வி வந்தால் தலையாட்டிவிடாதீர்கள். லோகோவே வராத கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதால் படம் வரப்போவதில்லை, ஃபைல்தான் போகும். எஸ்எஸ்டியை முதலில் கழற்றி, அதற்கேற்ற யுஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் ஃபைலை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் இருந்தால் அங்கேயும் அதே 48 இலக்கம் வேண்டும்.

காலை வேலை அதில் முடிந்துவிடும். மதர்போர்டை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.